பந்து தொடாத மாப்பிள்ளை

எனக்கு எழுபத்தாறு வயது ஆகிறது. வயிற்றில் சுமந்தது நான்கு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் என் தங்கை விட்டுப்போன பிள்ளைகள். ஆறு பேருக்கும் கல்யாணம் பண்ணி வைத்தேன். எவர் வாசலிலும் போய்க் கை நீட்டி நின்றதில்லை. இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று சொல்லிப் பேத்தியை உட்கார வைத்திருக்கிறேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் நம்பர் படிக்கத் தெரியும். அதற்கு மேல் எழுத்து என்னிடம் தங்கவில்லை.

சொல்லப்போவது என் கடைசி மாப்பிள்ளையைப் பற்றி. பேர் சொல்லமாட்டேன். மாமியார் வாயால் மாப்பிள்ளையின் பேரைச் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. நேருக்கு நேர் நின்று பேசுவதும் கிடையாது. கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து மகளிடம் சொல்வதுபோல நான் சொல்வேன். அந்தப் பக்கம் இருந்து மகளிடம் சொல்வதுபோல அவர் பதில் சொல்வார். நடுவில் நிற்கும் ரேவதி தலையில் அடித்துக்கொள்வாள்.

"ரெண்டு பேருக்கும் வாய் கீது, காது கீது. நான் இன்னாத்துக்கு நடுவுல போஸ்ட்டாபீசு?"

ஆள் பெரிய உருவம். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வாசற்படியில் ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைந்தார். ஆர்பரில் லாஷிங் வேலை. கப்பலில் அடுக்கி வைக்கும் கன்டெய்னர்கள் கடலில் ஆடிச் சரியாமல் இருக்க இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுவார்களே, அது. அப்படிப்பட்ட உடம்பு இருக்கிற மனிதர் நாலு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போவார் என்றுதான் நான் நினைத்தேன். பெண்ணைக் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எப்படிப்பட்டவர் என்பது ரிசப்ஷன் அன்றே தெரிந்துபோனது. சாப்பாட்டு ஹால் கதவைத் திறந்ததும் கூட்டம் முட்டிக்கொண்டு வந்தது. மாலையைக் கூடக் கழற்றாமல் இவர் போய்க் கதவில் குறுக்கே நின்றார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கிழவிகளையும் கைக்குழந்தைக்காரிகளையும் ஒவ்வொருவராக உள்ளே விட்டார். சொந்தக்காரர் ஒருவர், "யோவ், நீ மாப்ளையா, வாட்ச்மேனா?" என்று கத்தினார். இவர் சிரித்துக்கொண்டே, "நீ போ மாமா, நான் நிக்கறேன்" என்றார். கடைசியில் பெண்ணும் மாப்பிள்ளையும் போய் உட்கார்ந்தபோது பிரியாணியில் கறி இல்லை. வெறும் சோறும் பட்டையும் கிராம்பும்தான். என் சம்பந்தி வீட்டார் எதிரில் எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் அதையும் ருசியாகத்தான் சாப்பிட்டார்.

தண்ணி லாரி வந்தாலும் இதே கதைதான். எங்கள் கொருக்குப்பேட்டையில் லாரி வந்து நின்றால் அடுத்த நிமிஷம் குடம் உருளும், மயிரைப் பிடித்து இழுப்பார்கள். ரேவதி இரண்டு குடத்தைக் கொடுத்து அனுப்புவாள். இவர் போய்க் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாய்ப் பக்கம் நிற்பார். பின்னால் இருந்து எத்தனை பேர் முட்டினாலும் ஆடமாட்டார். அவருக்கு முன்னால் இருக்கிற பெண்கள் நிதானமாகப் பிடித்துக்கொண்டு போவார்கள். லாரி கிளம்பிய பிறகு காலிக் குடத்தோடு வீட்டுக்கு வருவார். தெருவில் அவருக்குச் 'சொவுரு மாப்ள' என்று பேர் வைத்துவிட்டார்கள். சுவர் மாதிரி நிற்கிறாரே என்று ஆசையாக வைத்த பேர்தான். எனக்குத்தான் அது காதில் விழும்போதெல்லாம் உடம்பு கூசும்.

ஏன் கூசியது என்று சொல்லவேண்டும். நான் கூட்ஸ் யார்டில் பிழைத்தவள். வாகனில் இருந்து மூட்டை இறக்கும்போது சிந்துகிற கோதுமையைக் கூட்டி, புடைத்து, கல் பொறுக்கி விற்றுத்தான் ஆறு பிள்ளைகளைக் கரையேற்றினேன். வாகன் கதவு திறந்ததும் துடைப்பத்தோடு முதலில் பாய்கிறவளுக்குத்தான் கோதுமை. பின்னால் வருகிறவளுக்கு மண். நான் ஒரு நாளும் மண்ணோடு வீட்டுக்கு வந்ததில்லை. அப்படிப்பட்ட என் வீட்டுக்கு, மற்றவரை முன்னால் விட்டுவிட்டுத் தான் காலிக் கையோடு வருகிற மனிதர் மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தார். ஷேர் ஆட்டோவில் ஏறினாலும் வெளி ஓரத்தில் பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்காருவார். மழை வந்தால் உள்ளே இருக்கிறவர்கள் மேல் ஒரு சொட்டு விழாது. இறங்கும்போது அவர் மட்டும் குளித்த மாதிரி இருப்பார்.

இப்படியிருந்தபோதுதான் அந்த அமெரிக்க ஃபுட்பால் வந்தது.

யாரோ பணக்காரர்கள் சேர்ந்து ஊருக்கு ஒரு டீம் என்று ஆரம்பித்தார்கள். சம்பளம் கொடுத்து ஆள் எடுத்தார்கள். மெட்ராஸ் டீமுக்குப் பெரிய உடம்புக்காரர்கள் வேண்டும் என்று வெயிட்லிஃப்டிங் பசங்களையும் கபடி பசங்களையும் தேடித் திருவொற்றியூர், எண்ணூர் என்று அலைந்தவர்கள், ஆர்பர் கேட்டுக்கும் வந்திருக்கிறார்கள். கூட வேலை செய்கிற கேங்கில் இருந்த ஒருவர் இவரையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். அன்று சாயங்காலம் ரேவதி என்னைப் பார்க்க வந்திருந்தபோது, மாப்பிள்ளை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ரேவதி, அத்தேகிட்ட சொல்லு. நிக்கறதுக்கு ஆளு எடுக்கறாங்க. என்ன எடுத்துக்கினாங்க."

"நிக்கறதுக்கா?" என்று கேட்டாள் மகள்.

"ஆமா. எதிர்ல ஒருத்தன் ஓடியாருவான். அவன உடாம நிக்கணும். நின்னேன். அமெரிக்கா கோச்சு வந்து கைகுடுத்தாரு. இத்தினி நாளு எங்க இருந்தேன்னு கேட்டாராம்."

நான் உள்ளே இருந்து கேட்டேன். "ஆர்பர் வேலை இன்னா ஆவும்னு கேளுடி."

"மேஸ்திரி எடம் வெச்சிருக்க மாட்டாராம்" என்றார்.

கண்ணுக்குத் தெரிந்த நிலையான வேலையை விட்டுவிட்டு, ஒரே ஒரு சீசன் நடக்கப்போகிற விளையாட்டுக்குப் போகிறேன் என்கிறார். ரேவதி கத்தினாள், அழுதாள். அவர் கேட்கவில்லை. அவர் வாழ்க்கையில் ஒரு விஷயத்துக்குப் பிடிவாதம் பிடித்தார் என்றால் அது ஒன்றுதான். வேலையை விட்ட அன்றே ரேவதி பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நானும் போ என்று சொல்லவில்லை. "சீசன் முடியட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றேன். திருப்பி அனுப்புவதா, இல்லையா என்பதைச் சீசன் முடிந்த பிறகு நான் சொல்வதாகப் பேச்சு.

அவர் கோபப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் குழந்தைக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்பார். ஒரு நாள் எங்கள் வீட்டு டம்ளரையும் சட்டியையும் வாங்கிப் படியில் வைத்து, குழந்தைக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார்.

"பாரு பாப்பா, இந்த டம்ளரு தான் எங்க டீமு அத்திப்பட்டுத் தம்பி. அவன் தான் பந்து எறிவான். நான் இந்த சட்டி. அவனுக்கு முன்னாடி நிப்பேன். எதிராளுங்க டம்ளரண்ட வரக்கூடாது. ஆட்டம் முடியசொல்லோ தம்பி சட்டையில மண்ணு படாம இருந்தா அப்பா நல்லா ஆடுச்சுன்னு அர்த்தம்."

"பந்து?" என்று ரேவதி கேட்டாள்.

"பந்து எனக்கு வராது."

"எப்பவும்?"

"எப்பவும்."

"அப்போ நீ நல்லா ஆடுனியா இல்லியான்னு ஊருக்கு எப்டித் தெரியும்?"

யோசித்தார். "தெரியாது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ஊருக்குத் தெரியாமல் இருந்தால் பரவாயில்லை. எங்கள் ஊர் அப்படிப்பட்ட ஊரா? ஃபுட்பால் என்றால் இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. எதிர்வீட்டுத் தனம் வியாசர்பாடியில் பிறந்தவள். அவள் அண்ணன் பிள்ளைகள் எல்லோரும் பந்து ஆடுகிறவர்கள். என் மாப்பிள்ளை சம்பளத்துக்கு ஃபுட்பால் ஆடுகிறார் என்று நான்தான் அவளிடம் பெருமையாகச் சொல்லிவைத்தேன். ரேவதி அழுவதைத் தெருவுக்குக் காட்டாமல் இருக்க எனக்கு அது ஒரு மறைப்பாக இருந்தது. பெங்களூரில் முதல் மேட்ச் முடிந்த மறுநாள் தனம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, மாப்ள எத்தினி கோலு போட்டாரு?"

"தோத்துட்டாங்களாம்."

"தோக்கட்டும். மாப்ள எத்தினி போட்டாரு?"

அடுத்த மேட்ச் இங்கேயே நடந்தது. டீமில் பாஸ் கொடுத்தார்கள். தனம் தலைமையில் தெருப் பெண்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நானும் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன்.

மைதானத்தில் வந்து நின்றவர்களைப் பார்த்தால் தோளில் மேளத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறமாதிரி இருந்தது. தலையில் இரும்புக் கூண்டு. பந்து மட்டை உரிக்காத தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூம்பி இருந்தது. என் மாப்பிள்ளை எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றினார். விசில் ஊதியதும் எதிரே இருந்தவன்மேல் மடேர் என்று மோதினார். இரண்டு பேரும் விழுந்தார்கள். பந்து வேறெங்கோ போனது. எழுந்து வந்தார். மறுபடியும் குனிந்தார். மறுபடியும் மோதினார். பந்து அந்தப் பக்கம் பறந்தது, இந்தப் பக்கம் பறந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தனம் முதலில் பொறுமையாகத்தான் இருந்தாள். இடைவேளைக்குப் பிறகு வாயைத் திறந்துவிட்டாள்.

"இன்னாக்கா இது? உம் மாப்ள பந்து வர்றதுக்கு முன்னாடியே போய் வியிந்துடறாரு?"

"அதான்டி அவரு வேலை" என்றேன்.

"வியறது ஒரு வேலையா? எங்கண்ணன் பையன் பந்தக் காலுல வெச்சிக்கினு நாலு பேர ஏமாத்துவான். இவரு பந்துக்கு பயந்துக்கினு முன்னாடியே குந்திக்கிறாரே."

பின்வரிசையில் ஒருத்தி, "சொவுரு எங்கனா பந்த அடிக்குமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எழுந்து வந்துவிடலாம்போல் இருந்தது. எழுந்தால் இன்னும் சிரிப்பார்களே என்று உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் முடிந்து அவர் எங்கள் பக்கம் வந்து கையை ஆட்டினார். உடம்பெல்லாம் மண், முழங்கையில் ரத்தம். பக்கத்தில் அந்த அத்திப்பட்டுத் தம்பி நின்றான். துணிக்கடையில் இருந்து இப்போதுதான் எடுத்து மாட்டினமாதிரி அவன் சட்டை பளிச்சென்று இருந்தது. மாப்பிள்ளை அந்தச் சட்டையைத் தொட்டுத் தொட்டு எங்களுக்குக் காட்டினார். அன்றைக்கும் தோற்றுத்தான் போயிருந்தார்கள். தோற்ற ஆள் அடுத்தவன் சட்டையைக் காட்டிச் சிரிக்கிறாரே என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தெருவில் நடக்க எனக்குப் பிடிக்கவில்லை. பால் வாங்கப் பின்சந்து வழியாகப் போவேன். சின்னப் பிள்ளைகள் குனிந்து கையைத் தரையில் ஊன்றி, "சொவுரு... ரெடி!" என்று கத்தி ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். மாப்பிள்ளை அந்த வழியாக வந்தால் அவரும் கூடச் சேர்ந்து குனிவார். அதுதான் எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. தன்னைக் கேலி பண்ணுகிறார்கள் என்று புரியாதவரா, இல்லை புரிந்தும் வலிக்காதவரா என்று எனக்கு விளங்கவில்லை. யார்டில் என்னை ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது எனக்கு.

நடுவில் ஒன்றிரண்டு மேட்ச் ஜெயித்தார்கள். ஜெயித்ததைத் தெரு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. "மாப்ள தொட்டாரா?" என்பதுதான் கேள்வி. "ஒரே ஒரு தபா தொடட்டும்க்கா, நான் சூடம் கொளுத்தறேன்" என்றாள் தனம்.

கடைசி மேட்ச் மறுபடியும் இங்கே. ஜெயித்தால் அடுத்த கட்டம், தோற்றால் சீசன் முடிந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்து வாசலில் நின்றார்.

"அத்தேகிட்ட சொல்லு ரேவதி. எல்லாரும் வந்து ஒரு தபா பாக்கணும். பாத்துட்டு, நீ என்கூட வர்றதா வேணாமான்னு அத்தே சொல்லட்டும். இன்னா சொன்னாலும் நான் கேட்டுக்கறேன்."

நான் பதில் சொல்வதற்குள் ரேவதி பேசிவிட்டாள். அவள் என் வயிற்றில் பிறந்தவள்தானே. பல மாதமாகத் தெருவில் கேட்ட கேலி எல்லாம் அவள் தொண்டையில் இருந்தது.

"எங்கம்மா பின்சந்து வழியா பாலு வாங்கப் போவுது, தெரியுமா உனுக்கு? என்ன பெத்தவ தெருவுல தலை காட்ட முடில. ஒரு தபா... ஒரே ஒரு தபா அந்தப் பந்தக் கையில புடிச்சுக் காட்டு. அப்பறம் எங்க கூப்டாலும் வர்றேன்."

திரைச்சீலை வழியாக அவர் கால் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நான் ஏதாவது சொல்வேன் என்று அந்தக் கால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. நான் சொல்லவில்லை. "பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேட்சுக்குத் தெருவே போனது. ரேவதி குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். தனத்தின் அண்ணன் பிள்ளைகள் விசிலும் மேளமும் கொண்டுவந்திருந்தார்கள். ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் எங்கள் வரிசை ஒரே குரலாகிவிட்டது. "பந்தத் தொடு! மாப்ள, பந்தத் தொடு!" சுற்றி இருந்தவர்களும் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்துகொண்டார்கள். மைதானம் முழுக்க அதே சத்தம். நானும் கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்தார், மோதினார், எழுந்தார், வழக்கம்போல.

முடியப்போகிற நேரம். சின்ன வித்தியாசத்தில்தான் எங்கள் டீம் பின்னால் இருந்தது, எட்டிப் பிடித்துவிடலாம் என்றார்கள். நடுவில் குனிந்து நிற்கிறவர் காலிடுக்கு வழியாகப் பந்தைப் பின்னால் கொடுப்பார், அத்திப்பட்டுத் தம்பி வாங்கி எறிவான். அந்தத் தடவை பந்து அவன் கையில் நிற்காமல் கீழே விழுந்து உருண்டது. அவன் அதை எடுக்கக் குனிந்தான். அப்போதும் என் மாப்பிள்ளை செய்யவேண்டியது ஒன்றேதான், எதிரே இருக்கிறவனை விடாமல் நிற்பது. அது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது.

பந்து தரையில் கிடந்ததை அவர் பார்த்தார். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கத்தினோம். அவர் தன் ஆளை விட்டுவிட்டுத் திரும்பினார். பாய்ந்து விழுந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அப்பா, அந்தச் சத்தம்! தனம் என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். "தொட்டுட்டாரு! எக்கா, தொட்டுட்டாரு!" விசில், மேளம், துண்டை வீசுகிறார்கள். ரேவதி அழுதுகொண்டே சிரிக்கிறாள். நான் கை வலிக்கிற வரைக்கும் தட்டினேன். என் வாழ்க்கையில் அப்படித் தலை நிமிர்ந்து நான் எங்கேயும் நின்றதில்லை, ஆறு கல்யாணத்திலும் கூட.

அவர் பந்தோடு எழுந்து நின்றார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தார். அவர் விட்டுவிட்ட ஆள் ஓடிவந்து, குனிந்திருந்த தம்பிமேல் முழு வேகத்தில் விழுந்திருந்தான். தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான். அவன் சட்டையெல்லாம் மண். மாப்பிள்ளை இரும்புத் தொப்பியைக் கழற்றினார். பந்து கையில் இருந்து விழுந்தது, அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

மடியில் இருந்த குழந்தைதான் முதலில் பார்த்தது.

"ஆயா, அப்பா இன்னாத்துக்கு அழுவுது?"

"சந்தோசம்டி" என்றேன்.

ஆட்டத்தில் தோற்றுப்போனார்கள். தம்பியைத் தூக்கிக்கொண்டு போனதையும் பார்த்தோம். அடிபடுகிற விளையாட்டுத்தானே என்று நினைத்துக்கொண்டோம். தெருவுக்கு வந்ததும் தனம் சொன்னபடி சூடம் கொளுத்தினாள். பட்டாசு வெடித்தார்கள். நான் என் கையால் வாசலில் நின்று எல்லோருக்கும் டீயும் மிக்சரும் கொடுத்தேன். மாப்பிள்ளை வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அதற்கும் மறுநாள் சாயங்காலம் வந்தார். ஆட்டத்துக்குப் போட்டிருந்த அதே கால்சட்டை. மண் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அத்தனை நேரமும் ஆஸ்பத்திரியில் தம்பி பக்கத்தில் இருந்திருக்கிறார். தம்பிக்கு எறிகிற கைப்பக்கத் தோளெலும்பு நொறுங்கிப்போனது, இனிமேல் அந்தக் கையை மேலே தூக்கி எறிய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இதெல்லாம் அவரோடு வந்த கேங் ஆள் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் தெருப் பிள்ளைகள் ஓடிப்போய் ரோஜா மாலை ஒன்றைக் கொண்டுவந்து மாப்பிள்ளை கழுத்தில் போட்டுவிட்டார்கள். அவர் தடுக்கவில்லை. மாலையோடு வந்து என் வாசலில் நின்றார்.

நான் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கல்யாணம் ஆனதில் இருந்து முதல் தடவையாக அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். அவரும் ரேவதியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அத்தே, இப்போ நீங்க தெருவுல தலை காட்டலாம் இல்ல?"

அதில் குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அதில் குத்தலே இல்லை. அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் செய்தது உங்களுக்காவது உதவியதா என்று கேட்கிற கேள்வி அது. சுற்றிலும் மாலை போட்ட பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

ரேவதி உள்ளே போய்ப் பையில் துணியை அடைத்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். என்னிடம் போகட்டுமா என்று கேட்கவில்லை. அவர் கழுத்து மாலையை அவளே கழற்றிப் படியில் வைத்தாள். "வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள். நேரே அத்திப்பட்டுத் தம்பியிடம் போனார்கள். அவன் வீடு திரும்புகிற வரைக்கும் இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். தம்பி இவரை ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். சொல்லியிருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் அந்த விளையாட்டே நடக்கவில்லை. ஆர்பரில் இடம் போய்விட்டது. தூத்துக்குடி துறைமுகத்தில் லாஷிங் வேலை இருக்கிறது என்று யாரோ சொல்ல, அங்கேயே குடும்பத்தோடு போகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். எழும்பூரில் வழியனுப்பப் போனேன்.

முன்பதிவு இல்லாத பெட்டி. வண்டி வந்து நிற்பதற்குள் கூட்டம் கதவை மொய்த்துக்கொண்டது. கையில் பெட்டியும் பாத்திர மூட்டையும். ரேவதி குழந்தையோடு நடுவில் மாட்டிக்கொண்டாள், குழந்தை வீல் என்று கத்துகிறது. நான் திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை எல்லோருக்கும் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு, மூட்டையைப் பிடித்தபடி நின்றார்.

"மாப்ள!" என்று கத்தினேன். "முன்னாடி வந்து நில்லுங்க! நீங்க நின்னா ஒருத்தனும் தாண்ட மாட்டான்!"

அவர் தலையை ஆட்டினார். "வேணாம் அத்தே. நான் நின்னா சரிப்படாது. என்ன நம்பாதீங்க."

அந்த உடம்பு அப்படியே இருந்தது. தோள், கை எல்லாம் அப்படியே. உள்ளே நின்றுகொண்டிருந்த ஆள்தான் இல்லை. நான் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, இடித்துத் தள்ளி, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றேன். யார் யாரோ திட்டினார்கள், முதுகில் குத்தினார்கள். மகளும் குழந்தையும் ஏறினார்கள். கடைசியாக அவர் ஏறினார். என்னைத் தாண்டும்போது, "உங்களுக்கு அடிபட்டுச்சா அத்தே?" என்று கேட்டார்.

இப்போதும் தூத்துக்குடியில்தான் இருக்கிறார்கள். நல்லது கெட்டதுக்கு ரேவதி வருவாள், அவர் வருவதில்லை. போனில் நன்றாகத்தான் பேசுவார். ரேவதி சொல்கிறாள், எங்கே கூட்டமாக இருந்தாலும் ஒதுங்கிப் போய் ஓரமாக நின்றுவிடுகிறாராம். அன்று என் மடியில் இருந்த பேத்திதான் இப்போது இங்கே என்னோடு தங்கிக் காலேஜுக்குப் போகிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். மற்ற மாப்பிள்ளைகளை எல்லாம் ஊருக்கு முன்னால் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இவரைப் பற்றி இத்தனை வருஷமாக யாரிடமும் வாய் திறந்ததில்லை.

போதும். கையை உதறிக்கோ. இப்போ மொதல்லேர்ந்து எனுக்குப் படிச்சுக் காட்டு, சத்தமா. 'சந்தோசம்டி'ன்னு நான் சொன்னது வரும் பாரு, ஆயா மனசு நோவும்னு அதத் தாண்டிப் போவாதே. எழுதினத அப்டியே படி.